யாரும் நடாத மரங்கள்

டாவோஸ்
20.10.1986

அன்புள்ள தில்லை அக்காவுக்கு,

தம்பி யோகன் எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மூளைக்குத்தான் சுகமில்லை. நீங்களும் அம்மாவும் நீர்வேலியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி நினைக்காவிட்டால் எனக்கு எழுத வராது.

ஹோட்டலில் கோப்பை கழுவும் வேலையை விட்டுவிட்டேன். "ஏ.எல். படிப்பை விட்டான், இப்ப இதையும் விட்டிட்டானோ" என்று அம்மா கேட்பா. ஓம், விட்டுவிட்டேன். நீராவிக்குள் நின்று நின்று எனக்கு விசர் பிடித்தது. வைகாசி மாதத்தில் இருந்து காட்டில் வேலை செய்கிறேன். காடு என்றவுடன் பயப்பட வேண்டாம், எங்கள் பக்கத்துக் காடு மாதிரி இல்லை. இங்கே காட்டுக்கு வரைபடம் இருக்கிறது, கொப்பி இருக்கிறது, ஒரு அதிகாரி இருக்கிறான். அவனை ஃபோர்ஸ்டர் என்பார்கள். பெயர் லூட்சி. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். ஊசியிலை மகரந்தம் ஒத்துவராமல் கோடை முழுக்கத் தும்மிக்கொண்டே மரம் எண்ணுவான். இப்படி ஒருவனை யார் பிடித்துக் காட்டுக்கு அனுப்பினார்களோ தெரியாது.

வேலை இதுதான். மலையின் மேல் சரிவில் மரம் இல்லை. கீழே பன்னிரண்டு வீடு. மாரிக் குளிரில் மேலே விழுகிற பனி ஒருநாள் மொத்தமாகச் சறுக்கி வந்து வீட்டை மூடிவிடும். முன்பு ஒருமுறை மூடியிருக்கிறதாம். மரம் நிற்கிற இடத்தில் பனி அப்படியே படுத்துக் கிடக்கும், மரம் இல்லாவிட்டால் எழும்பி ஓடிவரும். அதனால் நாங்கள் ஐந்து பேர் கோடை முழுக்கக் கன்று நட்டோம். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு தடி அடித்தோம். எனக்கு ஜோடியாக வேலை செய்தவன் பியேத்ரோ, இத்தாலிக்காரன். ஒன்பது மாதத்துக்கு மட்டும் இருக்க விடுகிற கடதாசியில் வருகிறவன். மாரிக்கு ஊருக்குப் போய், லூட்சி திரும்பக் கூப்பிட்டால்தான் அடுத்த வருஷம் வரலாம். என்னை "புரொஃபெசோரே" என்று கூப்பிடுவான். நான் படிப்பைக் குழப்பினவன் என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பட்டம்.

இங்கே இன்னொரு விசயம். ஒருவன் தன் சொந்தக் காணியில் நிற்கிற மரத்தைக்கூடத் தன்பாட்டில் வெட்ட ஏலாது. லூட்சி வந்து பார்த்து, சுத்தியலால் மரத்தில் அடித்து அடையாளம் வைத்தால்தான் வெட்டலாம். இதைக் கேட்டு நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நவராத்திரி வந்தது. நாங்கள் இருக்கிற அகதி ஹைம் பழைய விடுதி ஒன்று. பதினொரு தமிழர் இருக்கிறோம். எங்கள் பெரியவர் தம்பித்துரை அண்ணை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், இங்கே உருளைக்கிழங்கு உரிக்கிறார். அவர் கீழ் மண்டபத்தில் கும்பம் வைத்து ஒன்பது நாளும் பூசை நடத்தினார். விஜயதசமிக்குச் சூரன் என்று வாழை வெட்ட வேண்டுமே, டாவோஸில் வாழைக்கு எங்கே போவது? பழம்தான் கடையில் ஒட்டுக்கடதாசியோடு கிடக்கிறது. அண்ணை என்னைப் பார்த்தார். "டேய் காட்டு இலாகா, நீ அவ்வளவு மரத்துக்கை நிக்கிறாய், மூண்டு கண்டு கொண்டுவர ஏலாதோ? வாசலுக்கு ரெண்டு, வெட்டுக்கு ஒண்டு. அம்பாள் ஊசியிலையெண்டு கோவிக்க மாட்டா" என்றார்.

நான் யோசிக்காமல் செய்யவில்லை அக்கா. யோசித்துத்தான் செய்தேன். தடி அடித்த கன்று ஒன்றிலும் கை வைக்கவில்லை. அது நட்டவனுடையது. அந்தச் சரிவின் மேல் ஓரத்தில், பாறை இடுக்குகளில், ஆர்வே என்று ஒரு ஊசியிலை மரம் அங்கொன்று இங்கொன்றாகத் தானாக முளைத்து நிற்கிறது. யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. என் நெஞ்சளவு உயரம். எங்கள் ஊரில் வேலியோரம் தானாக முளைத்த பூவரசில் குழை ஒடிக்க யாரிடம் கேட்கிறோம்? மூன்றை வெட்டினேன். கொடுவாக்கத்தி மாதிரி ஒரு கத்தி எங்களுக்குத் தந்திருக்கிறார்கள், அதால் ஒரே வெட்டு. பூசை நன்றாக நடந்தது. தம்பித்துரை அண்ணை மரக்கறிக் கத்தியால் ஆர்வேயை வெட்டிச் சூரனைக் கொன்றார். எல்லோரும் கை தட்டினோம்.

நாலாம் நாள் லூட்சி அடிக்கட்டையைக் கண்டான். அவன் கத்தின கத்தலில் தும்மல்கூட நின்றுவிட்டது. அந்தச் சரிவில் தானாக முளைத்துத் தப்பினது மொத்தம் பதினெட்டு மரமாம். ஒவ்வொன்றையும் வரைபடத்தில் புள்ளி போட்டு வைத்திருக்கிறான். வெட்டைத் தடவிப் பார்த்து, "இது எங்கட கத்தி" என்றான். அந்தக் கத்தி வைத்திருப்பது நானும் பியேத்ரோவும்தான். இரண்டு வருஷத்துக்கு முன் பியேத்ரோ நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டில் சோடிக்க ஒரு மரம் வெட்டிப் பிடிபட்டவனாம். லூட்சி அவனைப் பார்த்தான். அவன் இல்லை என்றான். பிறகு லூட்சி என் பக்கம் திரும்பி, மரியாதையாக, "உன்னைக் கேக்கத் தேவையில்லை, உங்கட சனம் மரத்தைக் கும்பிடுறவை, நான் வாசிச்சிருக்கிறன்" என்றான்.

பியேத்ரோவின் பெயரை லூட்சி தன் கொப்பியில் எழுதியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொப்பி கெமைண்டேக்குப் போகும், எங்கள் கிராமசபை மாதிரி ஒன்று. போனால் பியேத்ரோவுக்கு அடுத்த வருஷம் இல்லை. நான் சொன்னால், எனக்கு ஜனவரியில் அகதிக் கேஸின் இரண்டாவது விசாரணை இருக்கிறது. களவு என்று ஒரு வரி ஃபைலில் ஏறினால் என்ன ஆகும் என்று தெரியாது. திருப்பி அனுப்புவார்களா? மூன்று சின்ன மரத்துக்கா? யாரைக் கேட்பது?

ஒரு மரத்தை வெட்ட முன் யாரிடமாவது கேட்க வேண்டும் என்று எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது அக்கா. நீங்கள் உயிரியல் படிப்பிக்கிற ஆள், என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள். உங்கள் பதில் வர முன்னம் எல்லாம் முடிந்துவிடும். என்றாலும் எழுதுங்கள்.

அம்மாவுக்கு மரக் கதை சொல்ல வேண்டாம். குளிருக்குச் சப்பாத்து வாங்கிவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
யோகன்

*

டாவோஸ்
6.11.1986

அன்புள்ள அக்காவுக்கு,

யோகன்தான். உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. ரேடியோவில் யாழ்ப்பாணத்தில் ஷெல் அடி என்றார்கள், எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. இந்த ரேடியோவுக்கு யாழ்ப்பாணம் ஒரு புள்ளி.

வாழை வெட்டுக்குப் பிறகு, சூரனாக வெட்டின அந்த மரத்தைக் குசினிக்குப் பின்னால் போட்டிருந்தோம். போன ஞாயிறு அதை எடுத்து அடியை அரத்தால் தேய்த்து, குண்டூசியால் வளையம் எண்ணினேன். நெஞ்சளவு மரம், மணிக்கட்டு மொத்தம்தான். மூன்று நாலு வயது இருக்கும், கூடினால் ஐந்து என்றுதான் நினைத்திருந்தேன். முப்பத்தெட்டு! பிழை என்று திரும்ப எண்ணினேன், முப்பத்தொன்பது வந்தது. மூன்றாம் தரம் முப்பத்தெட்டு. அக்கா, அது எனக்கு மூத்தது. உங்களுக்கும் மூத்தது. அண்ணை என்று கூப்பிட வேண்டியதை ஒரே வெட்டில் விழுத்தியிருக்கிறேன்.

வருஷத்தில் எட்டு மாதம் பனிக்குள் மூடிக் கிடந்து, மிச்சம் நாலு மாதத்தில் ஒரு விரல் அகலம் வளருமாம். வாழை ஒன்பது மாதத்தில் குலை தள்ளுகிற நாட்டில் இருந்து வந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? உயரத்தைப் பார்த்து வயதைக் கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதும் அப்படித்தான்.

பியேத்ரோ இன்னொன்று சொன்னான். அந்த மரங்களை நட்டது ஒரு பறவையாம். கொட்டையை மாரிக்கென்று இடுக்குகளில் ஒளித்து வைக்கும், எடுக்காமல் விட்ட ஒன்றிரண்டு முளைக்கும். முளைத்ததிலும் முக்கால்வாசி பனியில் செத்துப்போகும். அப்படித் தப்பினதுதான் பதினெட்டு. இதை அவன் எனக்குச் சொன்னபோது அவனுக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை. தன் பாணைப் பாதி பிய்த்து எனக்குத் தந்துகொண்டு சொன்னான். "எந்த நாய் வெட்டினதோ, புரொஃபெசோரே, அவன்ரை கை அழுகட்டும்" என்றான். நான் பாணைச் சாப்பிட்டேன்.

எனக்கு இந்த நாடு விளங்கவில்லை. தபால் கந்தோர்ச் சுவரில் காடு சாகிறது என்று பெரிய படம் ஒட்டியிருக்கிறார்கள். கார்ப் புகையால் சாகிறதாம். ஒட்டினவன் காரில் ஏறிப் போகிறான். ஐப்பசி நடுவில் ஒரு பக்கத்து மரமெல்லாம் மஞ்சளாகி ஊசி கொட்டியது. செத்துப்போகிறது என்று நான் பதறி ஓடிப்போய் லூட்சியிடம் சொன்னேன். அது லார்ஷ் என்ற மரம், ஒவ்வொரு வருஷமும் கொட்டி முளைக்குமாம். மற்ற எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உயிரோடு நிற்பதைச் செத்தது என்கிறேன், கிழவனைக் குழந்தை என்கிறேன். என்னை நம்பி என்ன வேலை தரலாம்?

லூட்சியிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று தம்பித்துரை அண்ணையிடம் சொன்னேன். அவர் கிழங்குக் கத்தியை வைத்துவிட்டு எழும்பினார். "உனக்கென்ன விசரே? நீ வாயைத் திறந்தா உன்ரை கேஸ் மட்டுமே போகும்? பதினொரு பேற்றை பேரும் ஒரே வீட்டு விலாசத்திலை கிடக்கு. கலாவதி கைக்குழந்தையோடை இருக்கிறாள். தமிழர் மரம் வெட்டிப் பூசை செய்யினம் எண்டு பேப்பர்காரன் எழுதுவான்" என்றார். நான் "அப்ப பியேத்ரோ?" என்றேன். "அவனுக்குப் போக ஒரு ஊர் இருக்குத்தானே" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே அது பிடிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்து, உரித்த கிழங்கையே மறுபடி உரித்தார்.

அவர் சொல்வது சரி. நான் நினைப்பதும் சரி. இரண்டும் சரி என்றால் என்ன செய்வது? படிப்பிக்கும்போது இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கலாம் நீங்கள்.

வருகிற வெள்ளி வேலை கடைசி நாள். ஞாயிறு பியேத்ரோ ரெயில் ஏறுகிறான். வெள்ளிக்கு முன் சொல்லிவிடுவேன். அல்லது சொல்லாமல் விட்டுவிடுவேன். இதை எழுதும்போது எது என்று தெரியவில்லை.

ஷெல் எந்தப் பக்கம் விழுந்தது என்று எழுதுங்கள்.

யோகன்

*

டாவோஸ்
9.12.1986

அன்புள்ள தில்லை அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலே எழுதினால் மற்றது ஒன்றும் எழுத மாட்டேன்.

வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். கத்திகளுக்கு எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தோம், பனி தொடங்கிவிட்டது. என் ஜெர்மன் உங்களுக்குத் தெரியாது, அது ஒரு பாவம். "பியேத்ரோ இல்லை. நான். மூன்று" என்றேன். லூட்சி என்ன செய்தான் தெரியுமா? என் தோளில் தட்டினான்! "நண்பனைக் காப்பாத்தப் பாக்கிறாய், நல்ல பெடியன், ஆனா பொய் சொல்லாதை" என்றான். நான் மூன்று கிழமை இழுத்தடித்து, கடைசியில் உண்மையைச் சொன்னால், மரத்தைக் கும்பிடுகிற சனம் வெட்டாது என்று ஒரேயடியாக நிற்கிறான். பியேத்ரோ ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வா, காட்டுறன்" என்று லூட்சியை ஹைமுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பியேத்ரோவும் பின்னால் வந்தான். மண்டப வாசலில் இரண்டு ஆர்வேயும் கட்டினபடியே நின்றன. ஊசியெல்லாம் கொட்டி, குங்குமப் பொட்டு மட்டும் மிச்சம். லூட்சி தொப்பியைக் கழற்றினான். ஏன் கழற்றினான் என்று இன்றுவரை தெரியாது.

பிறகு கேட்டான், "ஏன் நட்ட கண்டை வெட்டேல்லை? தடி அடிச்சது எண்ணூறு நிண்டதே" என்று. "நட்டது ஆரோ ஒருத்தற்றை. தானா முளைச்சது ஒருத்தற்றையும் இல்லைத்தானே" என்றேன். அவன் சப்பாத்து வைக்கிற பலகையில் உட்கார்ந்துவிட்டான். நட்டதில் பத்துக்கு எட்டு எப்படியும் செத்துப்போகுமாம். அதில் முப்பதை வெட்டியிருந்தால்கூட இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டானாம். தானாக முளைத்தது நாற்பது மாரி தாங்கினது. அது ஒன்றுக்கு நூறு கன்று சமமில்லையாம். "நீ பொறுக்கிப் பொறுக்கி அருமையானதையே வெட்டியிருக்கிறாய்" என்றான். நான் மரியாதை என்று நினைத்துச் செய்தது அதுதான்.

அப்போது தம்பித்துரை அண்ணை வந்தார். எங்கே கண்டெடுத்தாரோ, கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். சங்கக்கடை இங்கிலீசில் ஒரு பிரசங்கம் செய்தார். லூட்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. கடைசியில் அண்ணை தன் நெஞ்சில் கை வைத்து, பிறகு மரத்தைக் காட்டி, பிறகு லூட்சியின் கொப்பியைக் காட்டினார். "நான் கேட்டன், பெடியன் வெட்டினவன். என்ரை பேரையும் எழுதச் சொல்லு" என்று என்னிடம் தமிழில் சொன்னார். நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் பேனையை வாங்கித் தானே எழுதினார், இனிஷலோடு. இத்தனைக்கும் இரண்டு கிழமையாக என்னோடு பேசாமல் இருந்தவர்.

லூட்சி பியேத்ரோவின் பெயரைக் கோடு போட்டு வெட்டினான். பியேத்ரோ என்னைக் கட்டிப்பிடிப்பான் என்று நினைத்தேன் அக்கா, அவ்வளவு மடையன் நான். அவன் கிட்ட வந்து, "மூண்டு கிழமை என்ரை பாணைத் திண்டாய்" என்றான். ஞாயிறு ரெயிலடிக்குப் போனேன். கண்டும் காணாத மாதிரி ஏறிப் போனான். வருகிற வருஷம் அவன் வருவான். நான் காட்டுக்குப் போக மாட்டேன், கெமைண்டே வேண்டாம் என்று கடிதம் தந்துவிட்டது. திரும்பவும் ஹோட்டலில் கோப்பை கழுவுகிறேன். அந்தக் கொப்பிக் கடதாசி என் விசாரணை ஃபைலுக்குப் போகுமா என்று லூட்சியைக் கேட்டேன். "தெரியாது, மரத்தைப் பற்றித்தான் எனக்குத் தெரியும்" என்றான். பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். தம்பித்துரை அண்ணை "சரி பாப்பம்" என்கிறார். அந்த "பாப்பம்" எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் செய்தது சரியா பிழையா என்று கேட்டு இனி எழுத மாட்டேன். இப்போது உங்கள் கடிதம்.

எங்கள் ஒழுங்கைச் சந்திரகுமாரும் பெடியளும் வளவுக்குள் ஷெல்லுக்கு ஒளிக்கப் பங்கர் வெட்டித் தர வந்தார்கள், கிணற்றடிக்குப் பின்னால் நிற்கிற இரண்டு பனையையும் விழுத்திக் குற்றி போட்டு மூடலாம் என்று கேட்டார்கள், நீங்கள் மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். "உன்ரை கடிதம் வாசிச்ச பிறகு மரத்திலை கை வைக்க மனம் வரேல்லை, தகரம் போட்டு மண் மூட்டை வைச்சிருக்கிறம், அது காணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பந்தியிலேயே, மூன்றாம் ஒழுங்கையில் ஷெல் விழுந்து ஒரு வீட்டின் கூரை போனது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பந்தி பிரித்து, குறிப்புக் கொப்பி மாதிரி வடிவாக.

அக்கா, நான் அந்தக் கடிதத்தை அதற்காக எழுதவில்லை. வெட்கத்தில் ஏதோ எழுதினேன். நான் எழுதியது இந்த மலைக்கு, இந்தப் பன்னிரண்டு வீட்டுக்கு. இங்கே மரம் நின்றால் சனம் தப்பும். அதனால்தான் லூட்சி அந்தக் கத்துக் கத்தினான். அங்கே மரம் விழுந்தால்தான் சனம் தப்பும் என்றால் அது விழட்டும். மரத்துக்கு இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான் என்று ஒருநாள் நினைக்கிறேன், அடுத்த நாள் இது என்ன விசர்க் கதை என்று நினைக்கிறேன். சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை, நான் படித்து முடித்தவன் இல்லை. ஆனால் தகரம் ஷெல்லைத் தாங்காது. அதைச் சொல்லப் படிப்பு தேவையில்லை.

நாளைக்கே சந்திரகுமாரைக் கூப்பிடுங்கள். அவன் கோவத்தில் இருந்தால் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். இரண்டு பனையும் போதாவிட்டால் பக்கத்து வளவில் கேளுங்கள், கேட்டால் தருவார்கள். குற்றிகளை இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் மண் மூட்டை இரண்டு வரிசை. வாசலை வடக்குப் பார்த்து வைக்க வேண்டாம், ஆமி முகாம் அந்தப் பக்கம். அம்மா குனிய மாட்டா, படி வைத்துத் தரச் சொல்லுங்கள். விளக்கு வேண்டாம் என்றால் அம்மா கேட்க மாட்டா, ஒரு சின்ன டோர்ச் உள்ளே வையுங்கள்.

நல்லூர்க் கந்தன் துணை என்று எழுத வந்தேன். கந்தன் பார்ப்பான்தான், ஆனால் குற்றியையும் போட்டுவிடுங்கள்.

எனக்குப் பெரிதாகக் கடிதம் எழுத வேண்டாம். வெட்டியாகிவிட்டது என்று ஒரு வரி. அது போதும்.

உங்கள் தம்பி,
யோகன்